மயில்கழுத்து: டெர்மினலுக்கும் எடிட்டருக்கும் ஒரே சாயம்

என் திரையில் இரண்டு கறுப்பு இருந்தது. இடது பக்கம் கட்டளைகளை ஓட்டும் டெர்மினல், வலது பக்கம் நிரல் எழுதும் எடிட்டரான நியோவிம். இரண்டிலும் ஒரே பெயர் கொண்ட தீம்தான், அதாவது நிறத்தொகுப்புதான், போட்டிருந்தேன். ஆனால் டெர்மினலுக்கு அதை எழுதியவர் ஒருவர், எடிட்டருக்கு எழுதியவர் வேறொருவர். இடது கறுப்பில் நீலம் ஒரு சிட்டிகை கூட, வலது கறுப்பில் பழுப்பு ஒரு சிட்டிகை கூட. நடுவில் யாரும் வரையாத ஒரு கோடு நாள் முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்கும். நியோவிமுக்குள் ஒரு டெர்மினலைத் திறந்தால் மூன்றாவதாக ஒரு கறுப்பு வந்து உட்காரும்.

பலருக்கு இது கண்ணில் படவே படாது. எனக்குப் படும். என் அம்மா தையல்காரர்.

நான் வளர்ந்தது பினாங்கு ஆயர் ஈத்தாமில், ஓர் அடுக்குமாடி வீட்டில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கூடத்தில் ரவிக்கைத் துணிகள் குவிய ஆரம்பிக்கும். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுன் லெபு பாசாருக்கு நூல் வாங்கப் போவார். பையில் ஒவ்வொரு சேலையிலிருந்தும் வெட்டிய ஒரு துண்டு இருக்கும்.

கடைக்காரர் எடுத்துப் போடும் நூலை அம்மா அப்படியே வாங்கி நான் பார்த்ததே இல்லை. “தம்பி, இதைக் கொஞ்சம் வெளியில கொண்டு போய்ப் பாக்குறேன்” என்பார். “பாத்துட்டு வாங்கக்கா” என்பார் அவர். கடைக்குள் டியூப்லைட். நூல் கண்டையும் துணித் துண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கடை வாசல் நடைபாதையான அஞ்சடிக்கு வருவார், அங்கே நிழல். பிறகு தெருவில் இறங்கி வெயிலில் நிற்பார். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு அரக்கும் வெயிலுக்கு வந்ததும் பிரிந்துவிடும். ஒன்று செங்கல்லாகும், இன்னொன்று கத்தரிக்காயாகும்.

அதோடும் விடமாட்டார். கண்டிலிருந்து ஒரு முழம் உருவி, துணியின் மேல் ஒற்றை இழையாகப் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். கண்டைத் துணியோடு சேர்த்துவைத்து நிறம் பார்க்கவே மாட்டார்.

“கண்டுல தெரியுற கலர் வேற பாப்பா, தைச்சப்புறம் தெரியுற கலர் வேற. நூலு துணிய விட ஒரு துளி அடர்த்தியா இருக்கணும். தைச்சா வெளுத்துடும்.”

அந்த வாக்கியம் எனக்கு 20 வருடம் கழித்துத்தான் உதவியது. அதற்கு வருகிறேன்.

இப்போது பாயான் லெப்பாஸில் சில்லுச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 12 மணி நேர ஷிஃப்ட். சோதனை நிரல்களை எழுதுவது ஒரு ஜன்னலில், அவை ஓடும்போது வரும் பதிவு வரிகளான லாக் இன்னொரு ஜன்னலில். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கண் இங்கிருந்து அங்கே தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் நிறத்தின் பொருள் மாறினால் மூளை ஒரு கணம் தயங்கும். எடிட்டரில் மஞ்சள் என்றால் மேற்கோளுக்குள் வரும் எழுத்துச் சரமான ஸ்ட்ரிங், டெர்மினலில் மஞ்சள் என்றால் எச்சரிக்கை. அது சரி, பழகிவிடும். ஆனால் இங்கே ஒரு மஞ்சள், அங்கே வேறொரு மஞ்சள் என்றால் பழகவே பழகாது.

ஒரு நாள் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்று ஆனது. பகல் ஷிஃப்டில் என் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். கறுப்புத் திரை வைத்தால் என் முகமும் வெளியே நிற்கும் மரங்களும்தான் அதில் தெரியும். அதனால் பகலில் வெள்ளைப் பின்னணி. மத்தியானம் லாக்கில் ஓர் எச்சரிக்கை வரி வந்திருக்கிறது, மஞ்சள் எழுத்தில். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். சோதனைப் பலகையில் ஒரு இணைப்பு தளர்ந்திருப்பதைச் சொன்ன வரி அது. நான்கு மணி நேரச் சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு நிறங்களுக்கு இடையேயான வேறுபாட்டை ஓர் எண்ணாகச் சொல்ல ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டின் ஒளி அளவையும் எடுத்து, ஒவ்வொன்றோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் 21 வரும். வலைப்பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கின்றன. வெள்ளைமேல் தூய மஞ்சளுக்கு வந்த எண் 1.07. அதாவது, அந்த வரி திரையில் இல்லை என்றே சொல்லலாம்.

முதலில் கையால் திருத்தப் பார்த்தேன். டெர்மினலில் 16 நிறம், அதோடு பின்னணி, எழுத்து, கர்சர், தேர்வுப் பகுதி. எடிட்டரில் தனித்தனியாக நிறம் கொடுக்க வேண்டியவை என் கணக்குக்கு 70 குழுக்களுக்கு மேல். இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என்று எல்லாம் இரண்டு தடவை. ஒரு பச்சையைக் கொஞ்சம் மாற்ற வேண்டுமானால் அரை மணி நேரம் போய்விடும், அப்போதும் எங்காவது பழைய பச்சை ஒன்று மிச்சம் இருக்கும். அம்மா ஒரு அளவுக்கு ஒரு தடவைதான் பேப்பர் கட்டிங் போடுவார், பழைய நாளிதழில். பிறகு எத்தனை ரவிக்கை வந்தாலும் அதைத் துணிமேல் வைத்து வெட்டுவதுதான் வேலை. எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

இந்த யோசனை எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. கிறிஸ் கெம்ப்சனின் பேஸ்16 அப்படித்தான் வேலை செய்கிறது. 16 நிறங்கள் கொண்ட ஒரு கோப்பு, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வார்ப்புரு. நிறக் கோப்பை வார்ப்புருவில் ஊற்றினால் அந்தச் செயலிக்கான தீம் வந்துவிடும். அதற்கும் முன்னால், 2011-இல் ஈத்தன் ஷூனோவர் வெளியிட்ட சோலரைஸ்டு இன்னொரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. நிறங்களைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வின்படி அடுக்க வேண்டும், ஒரே நிறத்தொகுப்பு இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது. இந்த இரண்டையும் நான் நன்றியோடுதான் சொல்கிறேன். தீம் கோப்புகளை உருவாக்க நான் எழுதிய சின்ன நிரலான ஸ்கிரிப்டின் எலும்பு முதலாமவருடையது, சதை இரண்டாமவருடையது.

அப்படியானால் ஏன் சொந்தமாக எழுத வேண்டும்? எனக்கு 16 நிறங்களைக் கையில் எடுத்துக் கொடுக்க விருப்பமில்லை. நிறங்களையே ஸ்கிரிப்ட் கணக்கிட வேண்டும், நான் விதியை மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் முயற்சி, நிறத்தைச் சாயல், செறிவு, ஒளிர்வு என்று மூன்று எண்களில் சொல்லும் எச்எஸ்எல் முறையில். பைதான் நிரல்மொழியோடு கலர்சிஸ் என்ற மாட்யூல் கூடவே வருகிறது, எதையும் தனியாக நிறுவ வேண்டாம். வண்ண வட்டத்தை ஆறாகப் பிரித்தேன், 60 பாகைக்கு ஒரு நிறம், எல்லாவற்றுக்கும் ஒளிர்வு 50 சதவீதம். முடிந்தது என்று நினைத்தேன். திரையில் பார்த்தால் மஞ்சள் கண்ணைக் குத்தியது, நீலம் கிணற்றுக்குள் கிடந்தது.

காரணம் எளிமையானது. எச்எஸ்எல் வெறும் கணித ஏற்பாடு, அதற்குக் கண் கிடையாது. நம் கண்ணுக்குப் பச்சையிலிருந்து வரும் ஒளிதான் பெரும்பங்கு. திரையின் வெள்ளையை 1 என்று வைத்தால் அதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆகவே அதற்கு 0.9278. தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் எச்எஸ்எல் ஒரே ஒளிர்வைச் சொல்கிறது. உண்மையில் ஒன்று மற்றதைப்போல் கிட்டத்தட்ட 13 மடங்கு. கறுப்பு டெர்மினலில் ஃபோல்டர் பெயர்கள் அடர்நீலத்தில் வந்து, குனிந்து படித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதே கதைதான்.

இதற்கு நல்ல மருந்து 2020 டிசம்பரில் வந்தது. பியோர்ன் ஒட்டோசன் என்பவர் ஓகேலாப் என்ற நிறவெளியை, அதாவது நிறங்களைக் கண் பார்ப்பதுபோல் எண்ணாக்கும் முறையை, வெளியிட்டார். அதை உருளை வடிவில் எழுதினால் மூன்று எண்கள்: ஒளிர்வு, செறிவு, சாயல். ஒளிர்வு 0 என்றால் கறுப்பு, 1 என்றால் வெள்ளை. செறிவு எவ்வளவு நிறம் ஏறியிருக்கிறது என்பது. சாயல் பாகையில். இந்தக் கணக்கில் தூய மஞ்சளின் ஒளிர்வு 0.968, தூய நீலத்தின் ஒளிர்வு 0.452. கண் சொல்வதும் இதுவும் ஒத்துப்போகின்றன. ஓகேலாப்பிலிருந்து திரை நிறத்துக்கு மாற்றும் சூத்திரம் பைதானில் 20 வரிக்குள் அடங்கிவிடும். இரண்டு அணிப் பெருக்கல், நடுவில் ஒரு மும்மடி, கடைசியில் காமா திருத்தம். அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் கால் இடறும். எல்லா எண்களுக்கும் திரையில் நிறம் கிடையாது. 0.85 ஒளிர்வில் நீலத்தைக் கேட்டால் 0.1 செறிவைக்கூடத் திரையால் தர முடியாது, மஞ்சளுக்கோ அங்கே தாராளமாக இடம் உண்டு. கேட்ட நிறம் திரைக்கு வெளியே விழுந்தால் சும்மா 255-இல் வெட்டிவிடக் கூடாது. சாயலே திரும்பிவிடும், நீலம் கேட்ட இடத்தில் வேறொரு சாயல் வரும். அதற்கு என் ஸ்கிரிப்ட் ஒளிர்வையும் சாயலையும் பிடித்து வைத்துக்கொண்டு செறிவை மட்டும் பாதி பாதியாகக் குறைத்துப் பார்க்கும், 20 தடவை. நிறம் திரைக்குள் வந்து சேரும் விளிம்பு கிடைத்துவிடும். சாயம் கொஞ்சம் குறைந்த அதே நீலம்.

சரி, இப்போது மூலக் கோப்பு. பைதான் 3.11-இலிருந்து, பெயரும் மதிப்புமாக எழுதும் டோமல் வகைக் கோப்பைப் படிக்கும் வசதி மொழியோடு வருகிறது, அதனால் டோமல். நிறங்களுக்கு ரெட், கிரீன் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்டு வளர்ந்த பெயர்கள் வேறு. ஆகவே கோப்பில் இருப்பவை: குங்குமம், கிளிப்பச்சை, மாம்பழம், ஆனந்தா நீலம், வாடாமல்லி, மயில்கழுத்து. டோமலில் மேற்கோள் குறி இல்லாத பெயர்களுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும்தான் அனுமதி. மேற்கோளுக்குள் போட்டால் தமிழ் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண்கள். மொத்தக் கோப்பும் 30 வரியைத் தாண்டவில்லை.

தீமுக்கு மயில்கழுத்து என்றே பெயர். மயில்கழுத்துப் பட்டுச் சேலையை நெருக்கமாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மயில்கழுத்து என்று தனியாக ஓர் இழை கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்கும் போய், சேலையை அசைக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கும். ஓகேலாப் கணக்கில் சயானின் சாயல் 195 பாகை, நீலத்தின் சாயல் 264. நான் 215-ஐ எடுத்துக்கொண்டேன். அதே 215-ஐ மிகச் சின்னச் செறிவில், 0.02, எல்லாச் சாம்பல் நிறங்களுக்கும் ஊட்டினேன். பின்னணி, நடப்பு வரியின் பட்டை, தேர்வுப் பகுதி, வரி எண், கமெண்ட் (நிரலுக்குள் எழுதும் குறிப்பு), எழுத்து என்று எல்லாம் ஒரே சாயத்தொட்டியில் முக்கி எடுத்தவை. ஒளிர்வு மட்டும் 0.22-இல் தொடங்கி 0.26, 0.32, 0.45, 0.62, 0.88 என்று ஏறும்.

எடிட்டர் டெர்மினலின் 16 நிறங்களையே இரவல் வாங்கிக்கொண்டால் போதாதா, தானாகவே பொருந்திவிடுமே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சில மாதம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் இப்போது சொன்ன ஆறு சாம்பலுக்கு அந்த 16-இல் இடம் இல்லை. டெர்மினலில் 0 முதல் 7 வரை கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை. 8 முதல் 15 வரை அதே வரிசையில் பிரகாசமானவை. ஒரு நிரல் “10-ஆம் நிறத்தில் எழுது” என்று சொல்லும்போது அது எதிர்பார்ப்பது பளிச்சென்ற பச்சையை. அந்த இடத்தில் சாம்பலை வைத்தால் எடிட்டர் அழகாகும், டெர்மினலில் ஓடும் மற்ற நிரல்கள் தடுமாறும். நான் 16 பெட்டியையும் அவற்றின் பெயருக்கு உண்மையாகவே விட்டுவிட்டேன். எடிட்டருக்கு அந்த 16-இல் அடங்காத முழு நிறம், 24 பிட் நிறம், நேரடியாகப் போகும். டெர்மினல் அறியாத இடைநிலைச் சாம்பல்களும் அதே கோப்பிலிருந்து பிறந்தவைதான்.

இவ்வளவும் முடிந்து ஓட்டிப் பார்த்தேன். நடுக்கோடு போய்விட்டது. இரண்டு ஜன்னலும் ஒரே துணி.

ஆனால் கமெண்ட் மட்டும் இடித்தது. நிறங்களைச் சதுரம் சதுரமாகக் காட்டும் ஒரு பக்கத்தையும் ஸ்கிரிப்ட் உருவாக்கும். அதில் கமெண்டின் சாம்பல் தெளிவாக, எண்ணும் 4.7 என்று சரியாக இருந்தது. எடிட்டரில் அதே நிறம் மங்கிக் கிடந்தது. எண்ணை மறுபடி மறுபடி சரிபார்த்தேன், தவறில்லை. கடைசியில் திரையைப் படம் பிடித்து எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். சிறிய எல் எழுத்தின் தண்டு இரண்டு புள்ளி அகலம். அந்த இரண்டு புள்ளியில் ஒன்றுகூட நான் கொடுத்த நிறத்தில் இல்லை. இடது புள்ளி பாதி வழி வந்திருந்தது, வலது புள்ளி முக்கால் வழி. மீதி பின்னணி. எழுத்தின் விளிம்பை மென்மையாக்க, எழுத்தின் நிறத்தையும் பின்னணியையும் கலந்து போடுகிறார்கள். தண்டு முழுவதுமே விளிம்பாக இருக்கும் ஒல்லி எழுத்தில் முழு நிறம் எங்குமே வராது.

சதுரத்தில் பார்க்கும் நிறம், நூல் கண்டு. எழுத்தில் தெரிவது இழை. லெபு பாசார் வெயிலில் அம்மா ஒற்றை நூலைத் துணிமேல் போட்டுப் பார்த்தது எதற்கு என்று எனக்கு அந்த இரவு 11 மணிக்குப் புரிந்தது. உடனே அம்மாவுக்குப் போன் செய்ய நினைத்தேன், தூங்கியிருப்பார்.

மூலக் கோப்பில் ஒரு புது வரி சேர்த்தேன். அதன் பெயர் “நூல்”. மதிப்பு 0.04. எழுத்தாக மட்டும் வரும் எந்த நிறத்தையும், எழுதுவதற்கு முன் ஸ்கிரிப்ட் இந்த அளவுக்குப் பின்னணியிலிருந்து தள்ளி நகர்த்தும். இரவுத் தீமில் பின்னணி இருட்டு, ஆகவே எழுத்து ஒரு துளி வெளுப்பாகும். பகல் தீமில் ஒரு துளி அடர்த்தியாகும், அம்மா சொன்னது அப்படியே. தேர்வுப் பகுதி, நடப்பு வரிப் பட்டை மாதிரி பரப்பாக வரும் நிறங்களுக்கு இந்தத் திருத்தம் கிடையாது, அவை துணி. தடித்த எழுத்துக்கும் கிடையாது. வேலையிடத்துத் திரையில் புள்ளிகள் பெரியவை, அங்கே 0.04. வீட்டு மடிக்கணினியில் புள்ளிகள் நுணுக்கமானவை, 0.02 போதும். எழுத்துருவை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். நூல் மாறினால் மறுபடி வெயிலுக்குப் போவதுபோல.

மஞ்சளுக்கும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது, எல்லாம் அதனால் வந்ததுதானே. வெள்ளைப் பின்னணியில் 4.5 வர வேண்டும் என்றால் மாம்பழத்தின் ஒளிர்வு 0.56-க்கு இறங்க வேண்டும். அந்த ஆழத்தில் மஞ்சள் என்று ஒரு நிறமே கிடையாது. சாயலை அப்படியே வைத்து ஒளிர்வை இறக்கினால் வருவது பாசி பிடித்த புளிக்கரைசல். பல பகல் தீம்களில் எச்சரிக்கைகள் அப்படித்தான் தெரிகின்றன. நான் பகலுக்கு மட்டும் சாயலை ஆரஞ்சுப் பக்கம், 70 பாகைக்குத் திருப்பினேன். மஞ்சள் இல்லை, கருப்பட்டி என்று சொல்லலாம். ஆனால் எச்சரிக்கை என்று கண் உடனே எடுத்துக்கொள்கிறது, அது முக்கியம். ஸ்கிரிப்டின் கடைசி வேலையாக ஒரு சோதனையும் வைத்தேன். வரி எண்ணைத் தவிர எழுத்து நிறம் எதுவாவது 4.5-க்குக் கீழே போனால் அது கோப்பையே எழுதாமல் நின்றுவிடும். வெறும் எச்சரிக்கையாக விடவில்லை.

அடுத்த திருத்தம் எங்கள் பிரிவில் இருக்கும் ஒரு தம்பியால் வந்தது. தீம் பிடித்துப்போய் அவரும் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தார். “அக்கா, இதுல எது சேர்த்த வரி, எது எடுத்த வரி? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.” அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம்.

அவர் சொன்னது என்னை உறுத்தியது. நான் பெருமையாகச் செய்திருந்த விஷயமே அவருக்குத் தடையாகிவிட்டது. எல்லா நிறங்களுக்கும் ஒரே ஒளிர்வு கொடுத்திருந்தேன், எதுவும் முந்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று. நிறவெளி பற்றி எழுதும் பலர் சொல்லும் அறிவுரையும் அதுதான். ஆனால் சாயல் தெரியாதவருக்கு மிச்சம் இருப்பது ஒளிர்வு ஒன்றுதான், அதையும் நான் சமமாக்கிவிட்டேன். பழைய தீம்கள், கணக்கே போடாமல் செய்தவை, அவருக்கு உதவின. அவற்றில் பச்சை சிவப்பைவிட வெளுப்பாக இருக்கும்.

ஆகவே சமத்தை விட்டேன். குங்குமம் 0.64, கிளிப்பச்சை 0.80. எடுத்த வரியின் பின்னணிப் பட்டை 0.25, சேர்த்த வரியின் பட்டை 0.34. ஏட்டுக் கணக்கின்படி இது சமநிலை இல்லாத தீம். எனக்கு இப்போது இதுதான் சரியான தீம். ஸ்கிரிப்டில் சிவப்புக்கும் பச்சைக்கும் குறைந்தது 0.12 ஒளிர்வு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியும் சேர்ந்தது. அவர் மறுநாள் காலையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து நிறத்தின் பாதிப்பு இன்னொன்று. 1824-இலிருந்து பாரிஸில் கோப்லன் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று நெசவாளர்கள் முறையிட்டார்களாம். அவர் ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடும் நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார். அந்த ஆய்வை 1839-இல் அச்சிட்டார். என் தீமிலும் நீலத் தேர்வுப் பட்டைக்குள் வரும் கமெண்ட் பழுப்பாகத் தெரிந்தது. பட்டையின் செறிவைக் குறைத்தேன், போதுமான அளவு சரியானது.

வார்ப்புரு எழுதும் வேலை பெரிதில்லை, சலிப்பானது. பைதானின் டெம்ப்ளேட் வசதியே போதும், டாலர் குறி போட்ட இடத்தில் நிறம் போய் உட்காரும். தலைவலி என்னவென்றால் ஒவ்வொரு டெர்மினல் செயலிக்கும் ஓர் இலக்கணம். கிட்டிக்கு கலர்0 முதல் கலர்15 வரை வரிசையாக வேண்டும். அலாக்ரிட்டி 0.13 பதிப்பிலிருந்து யாம்ல் கோப்பு வடிவை விட்டு டோமலுக்கு மாறிவிட்டது. ஃபுட் டெர்மினலுக்கு நிற எண்ணின் முன்னால் வரும் கட்டக் குறி (#) கூடாது. ஐடெர்ம்2-க்கு ஒவ்வொரு கூறும் 0-இலிருந்து 1 வரை தசமத்தில். விண்டோஸ் டெர்மினல் ஜேசன் என்ற கோப்பு வடிவில் கேட்கும், மெஜந்தாவுக்கு அங்கே பர்ப்பிள் என்று பெயர். நியோவிமுக்குள் திறக்கும் டெர்மினலுக்கும் 16 நிறத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் மூன்றாவது கறுப்பு அங்கிருந்துதான் வந்திருந்தது.

சில பழைய சோதனைக் கணினிகளில் 24 பிட் நிறம் கிடைக்காது, 256-தான். அதில் முதல் 16 போக, 216 நிறங்கள் ஆறுக்கு ஆறுக்கு ஆறு என்ற கனசதுரம், கடைசி 24 சாம்பல் படிகள். கனசதுரத்தின் படிகள் சமமானவை கூட இல்லை: 0, 95, 135, 175, 215, 255. அடியில் ஒரு பெரிய தாவல் இருப்பதால் இருண்ட நிறங்களுக்கு அங்கே பஞ்சம். என் 0.22 பின்னணிக்கு ஓகேலாப் தூரத்தில் அருகில் இருப்பதை ஸ்கிரிப்ட் தேடும். கிடைப்பது நீலம் வடிந்த வெறும் சாம்பல்தான். அந்த 240-இல் அதைவிட நெருக்கமானது இல்லை, ஏற்றுக்கொண்டேன்.

இப்போது மூலக் கோப்பைச் சேமித்தால் ஸ்கிரிப்ட் ஓடும், அரை நொடிக்குள் எல்லாக் கோப்பும் எழுதிவிடும். அலாக்ரிட்டி தன் கோப்பு மாறியதைத் தானே கவனித்து நிறம் மாற்றிக்கொள்ளும். கிட்டிக்கு ஒரு சிக்னல் அனுப்பினால் போதும். காலை ஏழுக்குப் பகல், மாலை ஏழுக்கு இரவு. இரண்டு ஜன்னலும் ஒன்றாக மாறும் அந்தக் கணம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிறச் சதுரங்களைக் காட்டினேன், ஒவ்வொன்றின் கீழும் பெயர் தமிழில் இருக்கும். “இதுங்க வேணாம், எழுத்தக் காட்டு” என்றார். எடிட்டரைப் பெரிதாக்கினேன். மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்து ஸ்ட்ரிங் வரியில் விரலை வைத்தார்.

“இது கிளிப்பச்சையா? இல்ல பாப்பா. கிளிப்பச்சை இன்னும் அடிக்கும். இது வாழைக்குருத்து.”

கோப்பைத் திறந்து பெயரை மாற்றினேன். எண்களைத் தொடவில்லை.